இருநூற்று ஐம்பத்துநான்கில் இருவர்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு நிரந்தர விலாசம் உண்டு. பிரிண்டருக்கு உண்டு. வாசல் கமராவுக்கும் உண்டு. வீட்டுக்கு மட்டும் இல்லை.

மடவளையில் பிரதான வீதியை விட்டு மேலே ஏறும் ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. இலக்கத் தகடு வரும் என்று நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் சொன்னார்கள். நான் இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பராமரிக்கிறேன். தகடு இன்னும் வரவில்லை. கடிதமெல்லாம் 'ரஸீன், மின்சாமான் கடை, மடவளை பஸார்' என்றே வரும். தபால்காரர் கடையில் போடுவார், வாப்பா சோற்றுக்கு வரும்போது கொண்டுவருவார். வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தன் கையால் விலாசம் கொடுத்தவர் அந்த மனிதர்தான்.

வாப்பா பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம்வரை படித்தவர். வயர், பல்ப், சுவிட்ச், மழைக்காலத்தில் டோர்ச் விற்றார். கடைக் கணினியை ஒருமுறை வைரஸ் அரித்துவிட்டது. அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மோகனராஜ் என்ற வாடிக்கையாளர் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். "இது இலவசம், முதலாளி. ஆனா கொஞ்சம் கஷ்டம்" என்றாராம். வாப்பாவுக்குப் பிடித்தது இரண்டாவது பாதி.

கடைக்குப் புதுக் கணினி வந்ததும் பழையது வீட்டுக்கு வந்தது. ஹோலில் இருந்த அலுமாரியின் கீழ்த்தட்டில் அதை வைத்து, பின்பலகையில் காற்றுக்கும் வயருக்கும் துளை போட்டார். மேல்தட்டில் விருந்தாளிகளுக்கான பீங்கான்கள். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் தானாகவே எல்லாருக்கும் விலாசம் வழங்கக்கூடியது. அந்த வசதியை வாப்பா முதல் நாளே நிறுத்தினார். வீட்டுக்குள் போகிற வருகிற எல்லாம் அலுமாரிக் கணினி வழியாகத்தான் போகவேண்டும், விலாசம் அவர் கையால்தான் கிடைக்கவேண்டும்.

விலாசம் என்பது நான்கு எண்கள். எங்கள் வீட்டில் முதல் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றே. கடைசி எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், ஒன்றிலிருந்து இருநூற்று ஐம்பத்துநான்குவரை. ஒன்று, அலுமாரிக் கணினி. இரண்டு, உம்மாவின் போன்.

"இந்த வீட்டில ஒண்டு அந்தப் பொட்டி, ரெண்டுதான் நான்" என்று உம்மா வந்தவர்களிடம் சொல்வார். "சக்களத்தியக் கூட இப்படி மூத்தவளாக்க மாட்டாங்க."

மூன்று என் ராத்தா, மூத்த சகோதரி ஆஸிகா. நான்கு நான். இருபதுகள் வாப்பாவின் தம்பிமாருக்கு, முப்பதுகள் உம்மாவின் பக்கத்துக்கு. நூறுக்கு மேல் கடையில் வேலை செய்தவர்கள், மச்சான்மாரின் மச்சான்மார். எதையும் எழுதிவைக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். ஓர் இலக்கம் பெற்றவர் மவ்த்தாகி அடக்கப்பட்டாலும் அது வேறு யாருக்கும் போகாது. தனக்கு அவர் வைத்துக்கொண்டது எல்லாவற்றுக்கும் கடைசி, இருநூற்று ஐம்பத்துநான்கு. பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் எல்லாரையும் உட்காரவைத்த பிறகுதான் வீட்டுக்காரன் கை வைப்பது. அந்த ஒழுங்கை அவர் வலையமைப்புக்கும் கொண்டுவந்திருந்தார்.

மற்ற வீடுகளில் விருந்தாளி பாஸ்வேர்ட் கேட்பான். எங்கள் வீட்டில் பாஸ்வேர்டே இல்லை, போனைக் கொடுத்துவிட்டு உட்காரவேண்டும். சிறிய தந்தையின் மகன் ஷாமில் முதன்முதலாகப் புதுப் போனோடு வந்த நாள் நினைவிருக்கிறது.

"பாஸ்வேர்ட் எனத்த, பெரியப்பா?"

"போனக் கொண்டா."

"நீங்க செல்லுங்க, நான் போடுறேன்."

"உனக்குத் தெரியா. இரி. வாப்பாக்கு சீனி இப்ப எப்படி?"

மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகக் குத்துவார். குத்தி முடிவதற்குள் அவனுடைய வாப்பாவின் சீனி வியாதி, அவன் விட்ட வேலை, அவன் ராத்தாவுக்கு வந்து திரும்பிப்போன சம்பந்தம் எல்லாம் வெளியே வந்துவிடும். தேத்தண்ணியும் வந்துவிடும். அதன் பிறகே இணையம் வரும். "ரஸீன் நானாட வீட்டுக்குப் போறெண்டா விசா எடுக்கோணும்" என்று பஸாரில் பகிடி பண்ணுவார்கள். வாப்பா அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் தானாக நடக்கும் வழி உண்டு. புதிதாக வரும் ஒரு போன் "எனக்கொரு விலாசம் தாருங்கள்" என்று கூவும், ஒரு கணினி ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். என் அலுவலகத்தில் அதைத்தான் நடத்துகிறேன். லீவில் வரும்போதெல்லாம் போட்டுத்தருகிறேன் என்பேன்.

"குடுக்கிற விலாசத்த எவ்வளவு காலம் வெச்சிக்க ஏலும்?" என்று ஒருமுறை கேட்டார்.

"ஒரு நாள். பிறகு புதுப்பிக்கோணும். அதுக்கு லீஸ் எண்டு செல்ற."

"லீசா?" பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டியைத் தவணை தவறியதற்காக லீசிங்காரர்கள் இழுத்துப்போனதை அவர் படலையடியில் நின்று பார்த்தவர். "வெளியே ஈக்கிற லீஸ் போதாதா? வீட்டுக்குள்ள பெத்த மகளுக்கும் லீசுக்கா குடுக்கோணும்?"

"அது வேற லீஸ், வாப்பா."

"எல்லா லீசும் எடுக்கிறப்ப வேற லீஸ்தான். நீ கொழும்பில ஆயிரம் பேருக்குக் குடுக்கிற. ஒருத்தன்ட மூஞ்சாவது தெரியுமா?"

தெரியாது. அந்த முறை மிக நன்றாக வேலை செய்வதும் அதனால்தான்.

அவருக்கு நெஞ்சு வலித்தது கடையில், பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது. உம்மாவின் தம்பி ஸாகி மாமாதான் வேனில் ஏற்றிப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி நெரிசலில் முடிந்தது. வழியெல்லாம் ஹோன் அடித்துக்கொண்டு வந்த டிரைவர் திடீரென்று நிறுத்தினாராம். அதில்தான் மாமாவுக்கு விளங்கியதாம்.

நான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது ஒழுங்கை முழுக்கச் செருப்பு. வாசலில் கால் வைத்ததும் என் போன் தானாக வீட்டு வலையமைப்பில் ஏறியது. இலக்கம் நான்கு. அதைக் கொடுத்தவர் ஹோலில் வெள்ளைத் துணிக்குள் இருந்தார். முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேருடைய போன்களும் அப்படியே ஏறியிருந்தன. மீதிப் பாதி, தொடர்பு உண்டு என்று காட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தன. அவர்கள் அந்த வீட்டுக்குப் புதியவர்கள். அவர்களுக்கு விலாசம் கொடுக்க ஆள் இல்லை.

ஆஸிகா ராத்தா கத்தாரில் இருக்கிறாள். ஜனாஸாவுக்கு அவளால் வந்துசேர முடியவில்லை. யாராலும் முடிந்திராது, அன்றைக்கே அடக்கம். மாமா தன் போனை உயர்த்திப் பிடித்து அவளுக்குக் காட்டினார். பெரும்பாலும் மாமாவின் கட்டைவிரலைத்தான் பார்த்தேன் என்று பிறகு சொன்னாள்.

உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. நடு அறை, வெள்ளை உடுப்பு, வந்துபோகும் பெண்கள். வெளியுலகம் என்று அவருக்கு மிச்சமிருந்தது ஆஸிகா ராத்தாவின் வீடியோ அழைப்பு மட்டும்தான். ராத்தா வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரமும் இங்கே அந்திநேரத் தொழுகையான மஃரிபுக்கு முந்திய நேரமும் ஒன்று. அதற்குப் பிறகு அவளைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், உம்மாவை ஓதலும் தொழுகையும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக உம்மா பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்தே போனைக் கையில் வைத்திருப்பார். எங்கள் மேட்டில் போன் சிக்னல் மழைக்கு முன்னால் போய்விடும். வீட்டு இணையம்தான் வழி.

நான் கொழும்புக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் உம்மாவின் பழைய போன் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுளு எடுக்கும் வாளிக்குள் விழுந்தது. மாமா புதிது வாங்கிவந்தார். அதுவும் தொடர்பு உண்டு என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. என்னைக் கூப்பிட்டிருக்கலாம். மாமா கூப்பிடவில்லை. அவர் கடுகண்ணாவையில் டயர்க் கடை வைத்திருப்பவர், எதையும் கழற்றிப் பார்த்தால் விளங்கும் என்று நம்புகிறவர். அன்று மாலையே அழைப்பு வேலை செய்தது. வீட்டில் எல்லாரும் மாமாவைப் பாராட்டினார்கள். நானும் தொலைபேசியில் பாராட்டினேன்.

நாற்பதாம் நாள் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வந்தேன். வரும் கூட்டத்துக்கு விலாசம் கொடுக்க ஆள் இல்லை என்பதால், தானாக வழங்கும் முறையைப் போட்டுவிட உத்தேசம். உம்மாவிடம் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வேறு எதையோ சொன்னார்.

"ஆஸிகாக்கு நாளையிலிருந்து எடுக்காத எண்டு செல்லப் போறேன்."

"எனத்துக்கு?"

"வாப்பாக்கு விருப்பமில்ல."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"நீ நம்ப மாட்டாய். ஒவ்வொரு நாளும் மஃரிப் வாங்கு கேட்ட உடனே வெட்டுப்படுது, புள்ள. ஒரு செக்கனுக்கு முந்தியும் இல்ல. அவர் ஈக்கிறப்பவும் வாங்கு நேரத்தில பேசினா திட்டுவாரே. இப்பவும் திட்டுறாரு. கபுறுக்குள்ள போயும் அந்த மனிசனுக்கு நிம்மதி குடுக்காம நான் எனத்த கதைக்க?"

கேட்பதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் நெரிசல் நேரம், அலைவரிசை, ரவுட்டரின் சூடு மாதிரியான கேள்விகள். அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ராத்தாவின் மகன் பல் விழுந்த வாயைக் காட்டிக்கொண்டிருந்தான். தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டது. பையனின் வாய் திறந்தபடி அப்படியே உறைந்தது. பிறகு திரை கறுத்தது. உம்மா என்னைப் பார்த்தார். வாதத்தில் வென்றவரின் முகம் இல்லை அது.

ராத்தா எனக்குச் செய்தி அனுப்பினாள்: "பாத்தியா? வாப்பா." அவள் கணக்காய்வாளர்.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டுக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தேன். கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் வாப்பாவின் பழைய தொப்பி இருந்தது, தூசு படாமலிருக்க அவரே போட்டது. விலாசம் வழங்கும் நிரலை நிறுவ ஒரு வரி போதும். அமைப்பது அதைவிடச் சிரமமில்லை: எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை கொடுக்கலாம், எவ்வளவு காலத்துக்கு, வெளியே போகும் வாசல் எது. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. எந்த எண்கள் ஏற்கெனவே ஆட்களிடம் இருக்கின்றன என்று தெரியவேண்டும். தெரிந்தவர் இல்லை.

எனவே ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். கணினி வலையமைப்புக்குள் "இந்த எண் யாருடையது?" என்று கூவும், உரியது "நான்தான்" என்று தன் வன்பொருள் இலக்கத்தைச் சொல்லும். அந்த இலக்கம் தொழிற்சாலையில் பதித்தது, இரண்டு இயந்திரங்களுக்கு ஒன்றாக இராது. இரண்டிலிருந்து பதில் இல்லை. அது வாளிக்குள் விழுந்த போன். நான்கு, என் கையில். தொலைக்காட்சி, பிரிண்டர், கமரா. கடைசியில் இருநூற்று ஐம்பத்துநான்கையும் கூப்பிட்டேன். பதில் வராது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.

வந்தது. இரண்டு வந்தன.

திரையில் ஒரே எண்ணுக்கு இரண்டு வெவ்வேறு வன்பொருள் இலக்கங்கள் மாறி மாறி "நான்தான், நான்தான்" என்றன. என் தொழிலில் இது ஆரம்பப் பாடத்துப் பிழை. பிறகு நடு அறைக்குப் போனேன்.

"உம்மா, வாப்பாட போன் எங்க?"

உம்மா தலையணைக்குப் பின்னால் காட்டினார். சார்ஜில் இருந்தது.

"சிம் ஸாகி எடுத்துட்டான். போன் ஈக்கட்டும் எண்டு நான்தான் சென்ன. மழை பெஞ்சா பள்ளி வாங்கு கேட்கிறதே இல்ல. அவர்ட போன் செல்லுது. அதக் கேட்டுத்தானே தொழுற."

வாப்பா போட்டிருந்த வாங்கு நிரல் அது. ஒலியை இணையத்திலிருந்து எடுத்து ஒலிக்கும். யாராவது கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லிவிட்டு நாள் முழுக்கத் தூங்கும் போன், வாங்கு நேரத்துக்குத் தானாக விழித்து "இருநூற்று ஐம்பத்துநான்கு நான்தான்" என்று சொல்லும். அலுமாரிக் கணினி நம்பிவிடும். அந்த எண்ணுக்கு வந்த எல்லாவற்றையும், ராத்தாவின் மகனின் பல்லில்லாத வாய் உட்பட, அந்தப் போனுக்கே அனுப்பத் தொடங்கும். ஐந்து நேரமும் இதுதான் நடந்திருக்கும். மற்ற நான்கு நேரமும் உம்மா பேசிக்கொண்டிருக்கவில்லை.

மாமா பகல் சோற்றுக்கு வந்தார். முற்றத்தில் வைத்துக் கேட்டேன்.

"உம்மாட புதுப் போனுக்கு எந்த நம்பர் போட்டீங்க, மாமா?"

"ஏன், வேலை செய்றதில்லையா?"

"செய்றது. எந்த நம்பர்?"

"நான் ஒண்டையும் கையால போடல்ல. மச்சான்ட போனத் தொறந்து பாத்த. அதில எப்படி ஈந்திச்சோ, ஒரு புள்ளி மாத்தாம அப்படியே இதில போட்ட." பெருமையாகத்தான் சொன்னார். "மச்சான்ட போன்ல ஒருக்காலும் கரைச்சல் வந்ததில்லையே. நல்ல நம்பர்."

விளக்கினேன். மாமா கேட்டுவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நாப்பது நாளா மவ்த்தான மனிசன வெச்சி நான்தான் திட்ட வெச்சீக்கிறேனா?"

"நாப்பது இல்ல. போன் வாங்கின நாள்லேந்து."

"உம்மாகிட்டச் செல்லாத, புள்ள."

சொன்னேன். ராத்தாவின் அழைப்பை நிறுத்தப் போகிறவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு போன், ஒரு விலாசம், விழிப்பது, பறிப்பது எல்லாவற்றையும் சுவரில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். உம்மா கடைசிவரை கேட்டார்.

"ஒரு விலாசத்தில ரெண்டு பேர் ஈக்க ஏலாதா?"

"ஏலா."

"அப்ப நாங்க எப்படி ஈந்த?"

மாமா வாசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் போனைக் கேட்டேன். உம்மா அதைத் தலையணைக்குப் பின்னாலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்துத் தந்தார்.

"அழிச்சிடாத."

"அழிக்க மாட்டேன். அவர்ட நம்பர் அவருக்கே. உங்களுக்குப் பழையபடி ரெண்டு."

"சரி. அந்தப் பொட்டிக்குக் கீழதானே."

பூட்டு இல்லாத போன் அது. அமைப்புகளைத் திறந்து, அவர் ஒற்றை விரலால் குத்திய எண்களை எடுத்துவிட்டுத் தானியங்கிக்கு மாற்றினேன். அவர் இருந்தபோது யாராலும் முடியாத காரியம். உம்மாவின் புதுப் போனையும் மாற்றினேன். புதிய போன்கள் போகுமிடத்தில் தம் உண்மையான வன்பொருள் இலக்கத்தைச் சொல்லாமல் ஒரு பொய் இலக்கம் சொல்லும். வாப்பா கேட்டிருந்தால் அதை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அந்த வசதியை நிறுத்தினேன்.

பிறகு அலுமாரிக்கு வந்து அமைப்புக் கோப்பில் எழுதினேன். விருந்தாளிகளுக்கு நூற்றைம்பதிலிருந்து இருநூறுவரை, ஒரு நாள் லீஸ். கொடுக்குமுன் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்து, யாராவது "நான்தான்" என்றால் விட்டுவிடும். வாப்பா அந்தப் பகுதியில் யாரைக் குடியேற்றியிருந்தாலும் அவர்கள் குடியிருக்கலாம். உம்மாவின் வன்பொருள் இலக்கத்துக்கு நேரே இரண்டு. வாப்பாவினதுக்கு நேரே இருநூற்று ஐம்பத்துநான்கு. இந்த இரண்டு வரியிலும் லீஸ் எவ்வளவு காலம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக, முடிவில்லை என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதலாம். எழுதினேன்.

நிரலை ஓடவிட்டேன். ஹோலில் கத்தத்துக்கு இறைச்சி வெட்ட வந்திருந்த ஷாமிலின் நண்பர்களின் போன்கள் ஒவ்வொன்றாக விலாசம் கேட்டுப் பெற்றுக்கொள்வது கணினி எழுதும் பதிவில் வரிவரியாக ஓடியது. யார் யாருடைய மகன் என்று ஒன்றும் கேட்கப்படவில்லை. தேத்தண்ணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஷாமில் ஒரு நண்பனின் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தானா வருது."

"ஓ."

"யாரும் ஒண்டும் கேட்கல்லையே" என்றான். பிறகு அவனாகவே, "வாப்பாக்கு சீனி கொறஞ்சீக்கி" என்றான்.

மாலை, அஸர் முடிந்து உம்மா போனோடு உட்கார்ந்தார். நான் கதவோரம் மடிக்கணினியில் பதிவைத் திறந்து வைத்திருந்தேன். மாமா போகாமல் ஹோலில் சுற்றிக்கொண்டிருந்தார். ராத்தா வந்தாள். பையனின் அடுத்த பல்லும் ஆடுகிறதாம். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. நேரம் வருகிறது என்று இருவருக்கும் தெரியும். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

தலையணைக்குப் பின்னாலிருந்து வாங்கு ஒலித்தது.

ராத்தாவின் முகம் உறையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. முதல் வரி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. "உம்மா, வெட்டுப்படல்ல" என்றாள்.

"வாங்கு நேரத்தில கதைக்காத" என்றார் உம்மா. "வெச்சிடு. தொழுதுட்டு நான் எடுக்கிறேன்."

தானே விரலை வைத்துத் துண்டித்தார். மாமா ஹோலிலிருந்து எட்டிப் பார்த்தார். உம்மா எழுந்து, வுளுவுக்குப் போகும் வழியில் என் தோளில் கை வைத்தார்.

"பாத்தியா. இண்டைக்கு ஒண்டும் செல்லல்ல. கோவம் போயிட்டு அவருக்கு."

சுவரில் நான் விரலால் போட்ட கோடுகளுக்கு நேரே நின்றுதான் அதைச் சொன்னார். மடிக்கணினியில் கடைசி வரி வந்திருந்தது: இருநூற்று ஐம்பத்துநான்கு கேட்டது, கொடுக்கப்பட்டது.

"ஓ உம்மா" என்றேன்.